லெஃப்ஸ மாவும் கயிற்றுப் படகும்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நார்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து இங்கே விவசாயம் பார்த்தவர்களின் வாரிசுகள் நிறையப் பேர் இருக்கும் ஊர். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்காண்டிநேவிய விழா எடுப்பார்கள். சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது, எல்லாருமே தன்னார்வலர்கள். 2024-இல் உருளைக்கிழங்கு உரித்துக் கொடுக்கப் போனேன். 2025-இல் ஆள் சேர்க்கும் பொறுப்பே என் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு மணி நேர ஷிஃப்ட்டாகப் பிரித்துப் பார்த்தால் 140 இடங்களுக்கு ஆள் வேண்டும். ஜனவரியில் இணையப் படிவம் ஒன்று போட்டேன். மார்ச் முடிகிற வரை 19 பெயர்கள்தான் வந்தன. சரி என்று போனை எடுத்தேன். முதல் வாரம் "விழாவுக்கு உதவ முடியுமா?" என்று கேட்டேன். எல்லாரும் அன்பாகப் பேசி, பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை காப்பிக் கடையில் நிற்க முடியுமா?" உடனே முடியும், முடியாது என்று பதில் வந்தது, பெரும்பாலும் முடியும் என்றுதான். ஒருவருக்கு அவருடைய வேலை எது, எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்துவிட்டால் தயக்கம் போய்விடுகிறது. மே நடுவில் இருபது இடங்கள்தான் பாக்கி.

பூங்காவுக்கு நகராட்சி அனுமதி, நகராட்சியின் பெயரையும் சேர்த்து எடுக்க வேண்டிய விபத்து இன்சூரன்ஸ், தற்காலிக உணவுக் கடைக்கான லைசென்ஸ், இதெல்லாம் முன்கூட்டியே விண்ணப்பித்தால் பெரிய சிரமம் இல்லை. கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கேன், சோப்பு, காகிதத் துண்டு, கீழே ஒரு வாளி. ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் இது இருந்தாக வேண்டும்.

சிக்கல் லெஃப்ஸவில் வந்தது. உருளைக்கிழங்கில் செய்யும் மெல்லிய நார்வே ரொட்டி அது. வழக்கமாக ஆளுக்கொரு வீட்டில் மாவு பிசைந்து கொண்டுவருவார்களாம். வீட்டில் பிசைந்து வந்த மாவில் செய்ததை விழாவில் விற்கக் கூடாது என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. சர்ச்சின் அடித்தளத்தில் லைசென்ஸ் உள்ள சமையலறை இருந்ததால், எல்லாருமாக அங்கே செய்வது என்று முடிவானது. அப்போதுதான் தெரிந்தது, பக்குவம் முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர், 84 வயது அம்மையார். அவரால் அதிக நேரம் நிற்க முடியாது.

நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். வேகவைத்த கிழங்கைச் சூடாகவே இடியாப்ப உரல் போன்ற ஒரு கருவியில் பிழிய வேண்டும். வெண்ணெய், கிரீம், உப்பு சேர்த்து ராத்திரி முழுக்கக் குளிர விட வேண்டும். மறுநாள், தேய்ப்பதற்குச் சற்று முன்புதான் கோதுமை மாவு. சூட்டோடு மாவைச் சேர்த்தால் ஒட்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் மாவைப் போட்டால் ரொட்டி தோல் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு மாவு என்று கேட்டேன். "கைக்குத் தெரியும்" என்றார். எனக்கும் அங்கே நின்ற மூன்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லையே! தராசில் கிண்ணத்தை வைத்து, அவர் அள்ளும் ஒவ்வொரு கைப்பிடியையும் அதில் போடச் சொல்லி எடையைக் குறித்துக்கொண்டேன். நான்கு முறை செய்தோம். நான்கிலும் எடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. பிசைந்த உருண்டையை அந்தப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்து, அவர்கள் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். வரி வரியாக இருக்கும் கட்டையால் தேய்த்து, நீளமான தட்டைக் குச்சியால் தூக்கிக் கல்லில் போடும்போது முதல் நாள் பாதி கிழிந்தது. மூன்றாம் நாள் ஒரு பதினாறு வயதுப் பையன் கிழியாமல் எடுத்தான். அம்மையார் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி அவனிடமே கொடுத்தார்.

விழாவுக்கு முந்தின மாலை, வாடகைக்குச் சொன்ன டென்ட்களில் பாதிதான் வந்தன. கூரை இல்லாமல் உணவுக் கடை போட முடியாது. ஏழு மணிக்கு மேல் எட்டு வீடுகளுக்குப் போன் செய்து, "உங்கள் டென்ட்டைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டேன். ஆறு டென்ட்கள் வந்தன, போதுமானதாக இருந்தது.

சுவீடன் வழக்கப்படி கோடை விழாவில் ஒரு உயரமான கம்பத்தை அலங்கரித்து நிறுத்துவார்கள். அதற்கான பிர்ச் மரக் கிளைகளை முந்தின நாளே வெட்டினால் இலை வாடிவிடும். அதனால் விடியற்காலையில் வெட்டி, கம்பத்துக்குப் பச்சையும் பூவும் சுற்றி, இரண்டு இரண்டாகக் குறுக்கே கட்டிய கழிகளால் முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றித் தவளை மாதிரி குதித்து ஆடினார்கள்.

அந்த வருடம் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு ஒழுங்குசெய்து புறப்பட்ட முதல் குடியேற்றத்தின் 200-ஆவது ஆண்டு. 1825 ஜூலையில் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டவ்ரேஷன்' என்ற சிறு கப்பலில் 52 பேர் கிளம்பினார்கள். வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர். கண்காட்சிப் பலகையில் எழுதி வைத்தால் யார் நின்று படிப்பார்கள்? புல்வெளியில் அந்தக் கப்பலின் அளவுக்கே, 54 அடி நீளம், 16 அடி அகலத்துக்குக் கயிற்றால் கப்பலின் வடிவம் போட்டோம். நடுவில் பெட்டிகளையும் பீப்பாய்களையும் அடுக்கி, எண்ணி எண்ணி ஆட்களை உள்ளே விட்டோம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயைக் கடைசியாக அழைத்தோம். முப்பது பேர் ஏறும்போதே தோளோடு தோள் இடித்தது. இவ்வளவு சிறிய கப்பலில் இத்தனை பேரை ஏற்றிவந்தது சட்டப்படி குற்றம் என்று நியூயார்க்கில் கப்பலைப் பிடித்துவைத்ததையும், அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னித்து விட்டதையும் வாசித்தோம். இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் கடலில் இருந்தார்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. கயிற்றைத் தாண்டி யாரும் உடனே வெளியே வரவில்லை. பின்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாவு எடை குறித்த தாளைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். நவம்பரில் போனபோது பார்த்தேன். அடியில் அந்தப் பையன் பென்சிலால் எழுதியிருக்கிறான்: "புதுக் கிழங்கு என்றால் இன்னும் ஒரு கைப்பிடி."