அரிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் என் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பியது. அப்புறம் நெஞ்சு, முதுகு. 27 வயதில் பருவா என்று அழுகையாக வந்தது. "சூட்டுக் கொப்புளம்ளா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றாள் அம்மா. குளித்தேன், கூடியது.

செம்பூரில் ஒரு மருத்துவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். 6 வாரம் விழுங்கினேன். கன்னத்து ஓரம் வரை இறங்கிவிட்டது. ஹார்பர் லைன் மின்ரயில் கூட்டத்தில் வியர்த்து இறங்கினால் முதுகைச் சொறியாமல் இருக்க முடியாது. அந்த அரிப்பைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகுதான் சயானில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். லென்ஸை நெற்றியருகே வைத்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "அரிக்குதாம்மா?"

பரு என்றால் அங்கங்கே பிளாக்ஹெட்ஸ், ஒயிட்ஹெட்ஸ் இருக்கும், சிறிதும் பெரிதுமாகக் கலந்து வரும், பெரிதாக அரிக்காது என்றார். எனக்கோ எல்லாம் கடுகு போல ஒரே அளவு. ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம் போட்டாலும் இப்படி ஒரே மாதிரி கிளம்புமாம். அதனால் நான் பூசிய ட்யூப் எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டார்.

அப்புறம் பிளேடு நுனியால் ஒரு கொப்புளத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் தெரியும். தெரிந்தது, மலசீசியா என்ற பூஞ்சை. எல்லார் தோலிலும் சாதாரணமாக இருப்பதுதான். எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும். வியர்வையிலும் புழுக்கத்திலும் மயிர்க்கால்களுக்குள் பெருகிவிடும். ஆன்டிபயாடிக்கோ பாக்டீரியாவைத்தான் கொல்லும், போட்டிக்கு ஆளில்லாமல் பூஞ்சைக்கு இன்னும் வசதி. அந்த 6 வாரத்தை நினைத்தால் இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

கல்லீரல் கோளாறு உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று விசாரித்த பிறகே பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மாத்திரை எழுதினார். முதுகுக்கு அதே போலப் பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் ஷாம்பு, 5 நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொன்னார்.

3 வாரத்தில் அரிப்பு நின்றது. தழும்பு மங்கச் சில மாதம் ஆனது. மாதாமாதம் தாடையில் வரும் இரண்டு மட்டும் அப்படியே இருந்தன. லென்ஸில் பார்த்து, "இது நிஜப் பருதான்" என்றார். அதற்கு மட்டும் இரவில் அடாபலீன் என்ற பரு மருந்தைப் பூசுகிறேன்.