எத்ருஸ்கரும் நாட்டார் மாந்திரீகமும்: ஆய்வேடு எழுதுவோருக்குச் சில வழிகள்

பண்டைய எத்ருஸ்கர் (ரோம் எழுச்சி பெறுமுன் நடு இத்தாலியில் ஓங்கியிருந்த மக்கள்), ரோமர் நம்பிக்கைகள் பிற்கால இத்தாலிய நாட்டார் மாந்திரீகத்தில் எவ்வளவு எஞ்சின என்பதே என் முதுகலை ஆய்வேட்டின் பொருள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி இது: "இடையில் கிடக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்?" இந்தத் துறையில் எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் இந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் படியுங்கள்.

பெரும்பாலோர் சார்லஸ் லேலண்டிலிருந்து தொடங்குகிறார்கள். இத்தாலியின் டஸ்கனி, ரொமாஞா வட்டார மந்திரங்களைத் திரட்டி 1892-இல் நூலாக்கிய அமெரிக்கர் அவர். அந்த நூலின்படி, எத்ருஸ்கரின் இடித்தெய்வம் தினியா அங்கே இன்னும் மின்னலின் ஆவியாக உலவுகிறது. மதுத்தெய்வம் ஃபுஃப்லுன்ஸ், ஃபாஃப்லோன் என்ற குறும்பு ஆவியாகியிருக்கிறது. படிக்கப் படிக்க மனம் அதை நம்பிவிடத் துடிக்கும். ஆனால் எத்ருஸ்க மொழி கி.பி. முதல் நூற்றாண்டளவில் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. அதன்பின் லேலண்ட் வரை இந்தப் பெயர்களைத் தொடர்ந்து காட்டும் ஆவணச் சங்கிலி இல்லை. பெரும்பகுதித் தகவலைத் தந்த மதலேனா என்ற பெண் அவரிடம் கூலி பெற்றவர். லேலண்ட் எதைத் தேடுகிறார் என்பதை அறிந்தவர். எனவே அந்த நூலை 19-ஆம் நூற்றாண்டு டஸ்கனிக்கான சான்றாக மட்டும் வையுங்கள். அந்த அளவில் அது அருமையான நூல். அதைக் கடைசியில் படிப்பதே நல்லது.

முதலில் பவளத்தைப் படியுங்கள். பவளக் கொப்பை, அதாவது பவளக் கிளைத் துண்டை, குழந்தைக்குக் கட்டினால் காப்பாகும் என்ற நம்பிக்கையை முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 32-ஆம் நூலில் பதிவு செய்கிறார். 1470-களில் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டி, இப்போது மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் இருக்கும் ஓவியத்தில், குழந்தை இயேசுவின் கழுத்தில் அதே பவளக் கொப்பு தொங்குகிறது. திருச்சபையின் பலிபீட ஓவியத்திலேயே அது ஏறிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்! பின்னாளில் நேப்பிள்ஸ் மக்கள் கண்ணேறுக்கு அணியும் சிவப்பு நிற, விலங்குக் கொம்பு வடிவத் தாயத்தும் பவளத்தில் செய்யப்படுகிறது. பொருள், பயன், அணிபவர் என மூன்றும் பொருந்தி வருவதால், விடைத்தாளில் துணிந்து எழுதக்கூடிய எடுத்துக்காட்டு இது.

அடுத்து, பாவமன்னிப்புக் கேட்டு வருவோரிடம் குருக்கள் கேட்கவேண்டிய கேள்விகளைத் தொகுத்த பாவமன்னிப்புக் கையேடுகளுக்குப் போங்கள். இங்கே நிதானம் வேண்டும். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர ஆயர் புர்க்கார்டு, ஊழை நெய்யும் சகோதரியர் மூவருக்காக மேசையில் உணவும் மூன்று கத்திகளும் வைத்தாயா என்று பெண்களைக் கேட்கச் சொல்கிறார். ரோமரின் பார்க்கை எனும் மூன்று ஊழ்த் தெய்வங்கள் அப்படியே எதிரில் நிற்பது போலத் தோன்றும். ஆனால் ஆயர்கள் முந்தையவர்களின் கண்டனப் பட்டியல்களைப் பார்த்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள். 542-இல் இறந்த ஆர்ல் நகர ஆயர் சீசாரியுசின் பிரசங்க வரிகள் பல நூற்றாண்டுகள் கைமாறி வந்தன. ஒரு வழக்கம் கண்டிக்கப்பட்டதாலேயே அது அந்த ஊரில் நடந்தது என்று கொள்ள முடியாது. கத்தி எண்ணிக்கை போன்ற, பழைய பட்டியலில் இல்லாத விவரம் வந்தால் அதற்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

ஈரல் பார்த்துக் குறி சொல்லும் எத்ருஸ்கக் கலைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1877-இல் கிடைத்த பியாசென்சா வெண்கல ஈரலை (தெய்வப் பெயர்கள் பொறித்த ஆட்டு ஈரல் மாதிரி) படம் வரைந்து காட்டும் அளவுக்குத் தெரிந்திருங்கள். 408-இல் விசிகோத் மன்னன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது எத்ருஸ்கக் குறிகாரர்கள் மின்னலை வரவழைத்து நகரைக் காப்பதாகச் சொன்ன செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கற்றறிந்த குறிகாரர்களின் ஏட்டு மரபு. நாட்டாரிடம் இறங்கியதற்குத் தடம் மெலிது.

நடு இத்தாலியின் கொக்குல்லோ ஊரின் பாம்புத் திருவிழா பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மே மாதத் தொடக்கத்தில் புனித தொமினிக்கின் சிலைமீது உயிருள்ள பாம்புகளைச் சார்த்துகிறார்கள். அந்தப் பகுதியின் மார்சி இனத்தார் பாம்பை அடக்குபவர்கள் என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞர் வர்ஜில் பாடியிருக்கிறார். ஆங்கிதியா என்பது அவர்கள் வழிபட்ட தெய்வம். தொமினிக் இறந்தது 1031-இல். வர்ஜிலுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இருக்கிறது. இரண்டு முனைகளையும் எழுதி, இடைவெளியையும் ஆண்டுக் கணக்கோடு குறிப்பிட்டு, "தொடர்ச்சி சாத்தியம், நிரூபணம் இல்லை" என்று முடியுங்கள்.