மானிக்குக் காசு உண்டு, கரைசலுக்கு இல்லை

வாவி நீர் அமிலமா காரமா என்று சோதிக்கும் பீ.எச். மானியை வாங்கித் தர நன்கொடை நிறுவனங்கள் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கின்றன. அந்த மானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தேவையான தாங்கல் கரைசலுக்குக் காசு கேட்டால்தான் மறு கேள்வி வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பாடசாலை மாணவர்களுக்காகச் சுற்றாடல் அறிவியல் செயற்றிட்டங்களை எழுதி, நிதிக்கு விண்ணப்பித்து, கிடைத்தால் நடத்திக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் என் பிடிவாதம் முழுவதும் அந்தக் கரைசல் போன்ற சில்லறைச் செலவுகளைப் பற்றியதுதான்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூட அலுமாரியில் முன்பு யாரோ கொடுத்துச் சென்ற மானி ஒன்றைப் பார்த்தேன். நிறுவனச் சின்னங்கள் அச்சிட்ட ஒட்டி மங்காமல் இருந்தது. நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் மட்டும் காய்ந்து, உப்புப் படிந்து வெளுத்திருந்தது. அந்தக் குமிழ் பொட்டாசியம் குளோரைட் கரைசலில் நனைந்தபடியே இருக்க வேண்டும். வடித்த நீரில் போட்டு வைத்தாலும் கெட்டுப்போகும். இதை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியைக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவர் கருவியைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்திருந்தார். இருப்புப் பதிவேட்டைப் பார்க்க வருபவர்கள் கருவி இருக்கிறதா என்று கேட்பார்களே தவிர, வேலை செய்கிறதா என்று கேட்க மாட்டார்கள். அந்த விதிப்படி அவர் தன் பொறுப்பைச் சரியாகவே செய்திருக்கிறார்.

அதே பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு பெயின்ட் வாளி மூடியில் செக்கித் தட்டு செய்தோம். மூடியை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, அடியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கட்டி, கயிற்றில் பத்துப் பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. தோணியிலிருந்து நீருக்குள் இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் நீரின் கலங்கல் தெரிந்துவிடும். 1865 இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் செய்து பார்த்த முறை இது. மின்கலம் வேண்டாம், கரைசல் வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ‘புத்தாக்கம்’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அங்கே வாளி மூடி எடுபடுவதில்லை. கைப்பேசிச் செயலி ஒன்றை அதனோடு சேர்த்து எழுதினால் எடுபடுகிறது. எழுதுகிறோம், வேறென்ன செய்வது?

படிவத்தின் முதல் பெட்டி, தீர்க்க வேண்டிய பிரச்சினை என்ன என்று கேட்கும். அதைக் கொழும்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்து எழுதினால் எல்லா விண்ணப்பமும் காலநிலை மாற்றம் என்று தொடங்கி ஒரே மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பெட்டியை நிரப்பித் தந்தவள் தரம் எட்டில் படிக்கும் ஒரு பிள்ளை. மாரியில் வயல் மூழ்கும்போது வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை மறித்திருக்கும் மணல் திட்டை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் வாவியின் நீர் கடலுக்குப் போய், மீனும் இறாலும் அதோடு போய்விடும் என்று மீனவர்கள் மறுப்பார்கள். அவளுடைய அப்பாவுக்கு வயல், மாமாவுக்குத் தோணி. வெட்டிய பிறகு எங்கள் பக்கத்துத் தண்ணீர் எத்தனை நாளில் உப்பாகும் என்று கேட்டாள். எனக்கு விடை தெரியாது. நீரின் உப்பை அளக்கும் ஒரு உவர்மானியும் ஒரு கொப்பியும் இருந்தால் அவளே கண்டுபிடித்துவிடலாம். அந்த ஆண்டு எங்கள் விண்ணப்பம் இந்தக் கேள்வியோடுதான் போனது.

அம்பாறைப் பக்கம் போனால் பிள்ளைகளின் கேள்வி வேறு. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தியை அவர்கள் பத்திரிகையில் படிக்கத் தேவையில்லை. அங்கே வாவியைப் பற்றிய முன்மொழிவைப் பெயர் மாற்றி அனுப்புவது வெட்கக்கேடு.

வாவிக்கரை உவர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் நடுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றாடல், இளைஞர் என்ற இரண்டு சொற்களும் நிதி விண்ணப்பத்துக்கான ஒரே அழைப்பில் வந்தால் கண்டல் கன்று நடுவதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். தொப்பி, ரீசேட், சேற்றில் நிற்கும் பிள்ளைகள், நல்ல படம். ஆனால் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்கிறது. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் கவனிப்பின்மை ஆகியவையே பெருங்காரணங்கள். அதனால் நான் நடுகையை எழுதுவதில்லை. ஏற்கெனவே நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அந்த இடத்தில் நீர் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பிள்ளைகளை எண்ணவும் அளக்கவும் வைக்கும்படி எழுதுகிறேன். முன்பு நட்டவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரதேச செயலாளரின் கடிதம், வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி, அதிபரின் சம்மதம், கண்டல் பக்கம் போவதென்றால் வன இலாகாவின் அனுமதி. எல்லாம் கிடைக்கும், கடைசித் திகதிக்கு முன் கிடைக்குமா என்பதே கேள்வி.

காசுக் கணக்கு அப்படியல்ல. உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் 1992 இல் தொடங்கியது. அதில் உள்ளூர் அமைப்பின் பங்களிப்பையும் காட்ட வேண்டும். பாடசாலை மண்டபம், ஆசிரியரின் சனிக்கிழமை, மீனவரின் தோணி ஆகியவற்றுக்கு விலை போட்டு எழுதும்போதுதான் இந்த ஊர் எவ்வளவு கொடுக்கிறது என்பது எனக்கே தெரிகிறது. 2022 இல் இன்னொரு பாடம். மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. ரூபாவில் ஒப்பந்தம் போட்டவர்களுக்குக் கருவிப் பட்டியலில் பாதியளவுதான் வாங்க முடிந்தது. டொலரில் பெற்றவர்களுக்குக் கையில் காசு இருந்தது, ஆனால் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடிக் கிடந்தன.

இப்போது என் பாதீட்டில் சில வரிகள் மாறாமல் இருக்கின்றன: மூன்று வருடத்துக்கான கரைசல், மானியின் குமிழ் கெட்டால் போட மாற்று மின்முனை, கொப்பி, ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவரல்ல இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்களின் பஸ் கட்டணம். ஒருவருக்கு இடமாற்றம் வந்தாலும் மற்றவர் இருப்பார். இந்த வரிகளை வெட்டச் சொல்லி மின்னஞ்சல் வருவது வழமை. மானிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதுகிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு மாவட்டத்தைப் பார்த்துப் போய்விடுகிறார்கள்.