ஓசி சைக்கிள்

ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் கிரீன் பே ஊரில் மறுபடியும் அதே கூத்துதான். வாண்டுகள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு லாம்போ ஃபீல்டு ஸ்டேடியம் வாசலில் வரிசை கட்டும். ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான பேக்கர்ஸின் வீரர்கள் ப்ராக்டிஸுக்குப் போவது அந்தச் சைக்கிள்களில்தான். லொம்பார்டி கோச்சாக இருந்த காலத்துப் பழக்கம். ரோட்டைத் தாண்டினால் ப்ராக்டிஸ் மைதானம். நடந்தே போகலாம். போக மாட்டார்கள்.

லைன்மேன் என்றால் கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர் இல்லை. எதிராளியைத் தள்ளுவதற்கென்றே வளர்த்த 140 கிலோ உருப்படி. சைக்கிளோ ஒன்பது வயசுப் பிள்ளையுடையது, 20 இஞ்ச் சக்கரம். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். ஷூவில் முள் இருப்பதால் பிளாஸ்டிக் பெடலில் கால் வழுக்கும். காற்று கம்மியாக இருந்தால் ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கொத்தின மாதிரி அடுத்தடுத்து ரெண்டு ஓட்டை. டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச அளவுவரை காற்றடித்துவிடுவது உத்தமம். சீட்டை உயர்த்தலாம், ஆனால் கம்பியில் உள்ள கோட்டைத் தாண்டி இழுத்தால் முறிந்துவிடும். போல்ட்டை இறுக்க மறந்தால், லைன்மேன் உட்கார்ந்ததும் சீட் லிஃப்ட் மாதிரி கீழே இறங்கும்.

இந்த டீமின் ஜாதகமே ஓசி. 1919-ல் ஜெர்சி வாங்கக் காசில்லாமல் டீமை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கர்லி லாம்போ, தான் வேலை பார்த்த, இறைச்சியை டப்பாவில் அடைக்கிற ‘பேக்கிங்’ கம்பெனியிடம் 500 டாலர் வாங்கினார். பேக்கர்ஸ் என்ற பெயரே அப்படி வந்ததுதான். ரசிகர்கள் தலையில் கவிழ்க்கிற, சீஸ் துண்டு மாதிரியான தொப்பிகூட, 1987-ல் ஒருவர் அம்மாவின் சோபா ஸ்பாஞ்சை அறுத்துச் செய்தது. அந்தம்மா என்ன சொன்னாரோ!

டீமில் பங்கு வாங்கி முதலாளியான ரசிகர்கள் பாடு இன்னும் மோசம். 2021-ல் ஒரு பங்கு 300 டாலர். டிவிடெண்ட் கிடையாது, விற்க முடியாது, டிக்கெட்டும் தர மாட்டார்கள். சீசன் டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் காத்திருக்கிறார்கள். பனி கொட்டினால் ஸ்டாண்டைச் சுத்தம் பண்ண மணிக்கூலிக்கு வரச்சொல்லி ஊருக்கு அழைப்பு வேறு. முதலாளியும் மண்வாரியோடு போய் நிற்கலாம், தடை இல்லை.

சைக்கிள் கொடுத்த பிள்ளைக்கு ஒரு கூலி உண்டு: வீரரின் ஹெல்மெட். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன் சைக்கிள் பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடவேண்டும். திரும்பக் கிடைக்கும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணியிருக்கும். நேராக்கித் தருகிறேன் என்று அப்பா ஸ்பேனரை எடுத்தால், பையன் கிட்டவே விடமாட்டான்.