மெமரியைப் பூட்டும் உரிமையை யாருக்குக் கொடுப்பது?

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் தொழிற்சாலை, மண்டி என்று எஸ்க்யூஎல் சர்வர் (கணக்கு, எடைச் சீட்டு எல்லாம் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடுகிற இடங்களிலிருந்து சீசன் வந்தாலே எனக்கு ஒரே மாதிரியான அழைப்புதான் வரும். மற்ற மாதங்களில் நன்றாக ஓடுகிறது, தோத்தாபுரி லோடு வர ஆரம்பித்ததும் எடைமேடையில் சீட்டு போடுவதற்குள் வெளியே லாரி வரிசை கட்டி நிற்கிறது, ரேம் இன்னும் கொஞ்சம் போட்டுவிடலாமா என்பார்கள். காசு செலவு பண்ணுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது எடிஷன். இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் எடிஷன் என்றால் 2016 முதல் 2022 வரை எந்தப் பதிப்பானாலும் பஃபர் பூலுக்கு (டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் இடம்) 1,410 எம்பிதான், 64 ஜிபி போட்டாலும் அதற்கு மேல் தொடாது. இரண்டாவது, ஸ்டாண்டர்ட் எடிஷன் என்றால் எஸ்க்யூஎல் சர்வர் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் எர்ரர் லாக்கைத் திறந்து 17890 என்ற எண்ணைத் தேடுங்கள். சர்வர் பிராசஸின் மெமரியில் பெரும்பகுதி வட்டுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று சொல்லும் வரி அது. அது இருந்தால் எஸ்க்யூஎல் சர்வர் கையில் இருந்த ரேமை விண்டோஸ் பிடுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் பிடுங்குகிறது? வட்டிலிருந்து படித்த டேட்டாவைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாமே என்றுதான் எஸ்க்யூஎல் சர்வர் பஃபர் பூலில் வைத்திருக்கிறது. அதே கம்ப்யூட்டரில் பெரிய பேக்கப் ஃபைலை யாராவது வெளி டிரைவுக்குக் காப்பி போட்டால், இல்லை நாலு பேர் ரிமோட்டில் நுழைந்து எக்செல் திறந்தால், விண்டோஸ் அந்த மெமரிப் பக்கங்களை வட்டில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். ரேமில் பத்திரமாக இருக்கிறது என்று எஸ்க்யூஎல் சர்வர் நம்பிக்கொண்டிருக்கும், கேட்கும்போது அது வட்டிலிருந்து மெதுவாக வரும்.

இதைத் தடுக்க, விண்டோஸ் பிடுங்க முடியாதபடி மெமரியைப் பூட்டி வைக்கும் 'லாக் பேஜஸ் இன் மெமரி' என்ற உரிமை இருக்கிறது. கொடுக்க வேண்டியது எஸ்க்யூஎல் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) எந்த விண்டோஸ் அக்கவுண்டில் ஓடுகிறதோ அதற்கு. நீங்கள் லாகின் செய்யும் அட்மின் பெயருக்குக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

அதனால் முதலில் எஸ்க்யூஎல் சர்வரோடு வரும் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, சர்வீஸ் எந்த அக்கவுண்டில் ஓடுகிறது என்று பாருங்கள். 'என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்' என்று இருந்தால் நல்லது, அது பாஸ்வேர்டே தேவைப்படாத விர்ச்சுவல் அக்கவுண்ட். டொமைனில் பல சர்வர் வைத்திருப்பவர்கள் ஜிஎம்எஸ்ஏ என்ற, சர்வீஸ்களுக்கென்றே இருக்கும் டொமைன் அக்கவுண்டைப் போடலாம், அதன் பாஸ்வேர்டை ஆக்டிவ் டைரக்டரியே வழக்கமாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும். ஆனால் பல இடங்களில் நான் பார்ப்பது அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்! பேக்கப் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று அப்படிப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். தயவுசெய்து மாற்றுங்கள். எஸ்ஏ (எஸ்க்யூஎல் சர்வரின் தலைமை லாகின்) பாஸ்வேர்டு யார் கையிலாவது கிடைத்தால், எஸ்க்யூஎல்லிலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்டும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வழியாக அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை முழுவதும் அவர்களுக்குப் போய்விடும், பேக்கப்பும் சேர்ந்து அழியும். ஒரு விவசாயி கொண்டுவந்த லோடுக்கு எவ்வளவு பணம் என்பது அந்த எடைச் சீட்டில்தான் இருக்கிறது, அதை இவ்வளவு அலட்சியமாக வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. விர்ச்சுவல் அக்கவுண்ட் நெட்வொர்க்கில் போகும்போது கம்ப்யூட்டரின் டொமைன் அக்கவுண்டாகத்தான் போகும், அந்தப் பெயருக்கு ஷேரில் எழுதும் அனுமதி கொடுத்தால் போதும். டொமைன் இல்லாத ஒர்க்குரூப் என்றால் பேக்கப்பை அதே கம்ப்யூட்டரில் எடுத்து, காப்பி செய்வதைத் தனி ஷெட்யூல் வேலையாக வைத்துவிடுங்கள். அக்கவுண்டை மாற்றுவது கான்ஃபிகரேஷன் மேனேஜர் வழியாக மட்டும்தான், விண்டோஸ் சர்வீசஸ் பக்கத்தில் மாற்றினால் தேவையான மற்ற அனுமதிகள் சேராது.

உரிமையைக் கொடுப்பதற்கு முன், எஸ்க்யூஎல் சர்வர் அதிகபட்சம் எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் சர்வர் மெமரிக்கு அளவு வையுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் மாற்றவில்லை என்றால் அதில் 2147483647 எம்பி என்று இருக்கும், அதாவது வரம்பே இல்லை. வரம்பில்லாமல் பூட்டினால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும். 32 ஜிபி இருக்கும் இடத்தில் நான் 24576 எம்பி வைப்பேன், அதே கம்ப்யூட்டரில் டேலியும் ஓடுகிறது என்றால் இன்னும் குறைப்பேன். இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை.

அப்புறம் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்டுக்குப் போய் 'லாக் பேஜஸ் இன் மெமரி'யில் அந்த சர்வீஸ் அக்கவுண்டைச் சேர்த்துவிடுங்கள். விர்ச்சுவல் அக்கவுண்ட் தேடினால் கிடைக்காது, லொக்கேஷனில் அந்தக் கம்ப்யூட்டரையே தேர்ந்தெடுத்து முழுப் பெயரையும் தட்டச்சு செய்ய வேண்டும். சேர்க்கும் பட்டன் மங்கலாக இருந்தால் டொமைன் குரூப் பாலிசி அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அங்கேதான் மாற்ற வேண்டும். அங்கே போனதோடு 'பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டனன்ஸ் டாஸ்க்ஸ்' உரிமையையும் கொடுத்துவிடுங்கள், டேட்டா ஃபைல் பெரிதாகும்போது காத்திருக்க வேண்டியிருக்காது. மெமரியைப் பூட்டுவதற்கு ஸ்டாண்டர்ட் எடிஷனில் முன்பு தேவைப்பட்ட 845 என்ற டிரேஸ் ஃபிளாக் (தனி சுவிட்ச்) 2012 பதிப்பு முதல் வேண்டாம்.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் உரிமை அமலுக்கு வரும், சீசனில் இரவு பகலாக ஆலை ஓடும் என்பதால் லோடு வர ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. ரீஸ்டார்ட் ஆனதும் எர்ரர் லாக்கின் தொடக்கத்தில் 'யூசிங் லாக்டு பேஜஸ் இன் த மெமரி மேனேஜர்' என்ற வரி வர வேண்டும். டாஸ்க் மேனேஜரில் எஸ்க்யூஎல் சர்வருக்கு எதிரே மிகச் சின்ன எண் தெரியும், பயப்படாதீர்கள், பூட்டிய மெமரியை அது அங்கே கணக்கில் காட்டாது.