எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வது

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே பேச்சுத்தான். ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, டவுனில் இருக்கும் மெட்ரிக் பள்ளியின் வேனில் ஏற்றி அனுப்புவதா என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் எல்லோருக்கும் அரசுப் பள்ளியைப் பற்றி உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. ஆனால், அவர்களில் பலர் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். என் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். அதனால் பெற்றோர் சொல்வதையும் பிள்ளைகள் சொல்வதையும் அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்துவருகிறது. இரு தரப்பும் ஒரே பள்ளியைத்தான் எடைபோடுகிறார்கள் என்றாலும் அவர்கள் பார்ப்பவை வேறு வேறு. பள்ளியைச் சீர்செய்ய உதவும் செய்திகள் பெரும்பாலும் பிள்ளைகளிடம்தான் இருக்கின்றன. அவர்களிடம் முறையாகக் கேட்பவர்கள்தாம் இல்லை.

பெற்றோரின் கணக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள்கூட மிகத் தெளிவாக எதிர்காலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அடுத்த ஆண்டே அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவை அனைத்துமே ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், முன்பெல்லாம் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுந்த பேச்சு இப்போது பத்து வயதுப் பிள்ளையைப் பற்றியே எழுகிறது. பிள்ளை டாக்டர் ஆகுமோ ஆகாதோ, அந்தக் கதவை இப்போதே மூடிவிடக் கூடாது என்று நினைத்துச் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கு, எந்த வழியில் படிப்பது என்பது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. அப்பிரிவு இல்லாவிட்டால் வேனிலேயே அனுப்பிவிடுவோம் என்னும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020இல் திருத்தப்பட்டபோது, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும் என்று இறுகியது. அதாவது, இடையில் ஓர் ஆண்டு ஆங்கில வழிக்கு மாற்றினாலும் அந்த முன்னுரிமை கைவிட்டுப் போய்விடும். சேர்க்கை நாளில் இதை யாராவது எடுத்துச் சொன்னால் பெற்றோர் யோசித்து முடிவெடுப்பார்கள். எங்கள் பள்ளியில் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

ஒழுங்கு, தேர்ச்சி சதவீதம், ஆங்கிலம் ஆகிய மூன்றோடு பெற்றோரின் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கூட்டத்துக்கே வர முடியாத பெற்றோரும் இருக்கிறார்கள். கூட்டம் பிற்பகலில் நடக்கிறது. நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போனவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். பள்ளியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எங்கள் தெருவில் ஒரு தாயிடம் கேட்டபோது, “சார்ங்க எல்லாம் நல்லாத்தான் பாத்துக்குறாங்க, அக்கா. நமக்கு என்ன தெரியும்?” என்றார். அந்தப் பதிலில் மனநிறைவு கொஞ்சமும், கேள்வி கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்னும் எண்ணம் நிறையவும் இருந்தன. கருத்துக் கேட்புப் படிவத்தில் இதையும் ‘திருப்தி’ என்றே எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதிக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பிள்ளைகளின் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. என் மகளின் தோழிகள் மாலையில் எங்கள் வீட்டில் கூடிப் படிக்கும்போது நான் கேட்டவற்றில் முதலிடம் கணக்குப் பாடத்துக்குத்தான். கணிதப் பட்டதாரி ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதல் பெற்றுப் போனபின் அந்தப் பணியிடம் காலியாகவே இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தொகுப்பூதியத்தில் ஓர் ஆசிரியையை அமர்த்தினோம். பிள்ளைகள் அவரைப் ‘பி.டி.ஏ. மிஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் பள்ளியிலேயே அவர்கள் அதிகம் நம்பியது அவரைத்தான். ஆயத்தொலை வடிவியல் புரியவில்லை என்று சொன்ன பிள்ளையை மதிய உணவு இடைவேளையில் உட்காரவைத்து, புள்ளிகளை வரைபடத் தாளில் குறிக்கச் செய்து, சாய்வு என்பது என்னவென்று அவளே சொல்லும்வரை விடாமல் நடத்தியவர் அவர். நிரந்தர வேலையோ நிறைவான சம்பளமோ இல்லாமல் ஆண்டின் நடுவில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். காலிப் பணியிடம் என்பது பெற்றோருக்கு ஒரு செய்தி. அந்தப் பிள்ளைகளுக்கோ அது நாள்தோறும் வெறுமனே கழியும் ஒரு பாடவேளை. அந்த வேளையில் அறிவியல் ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வார் என்பதையும், அவர் அதனால் எவ்வளவு களைத்துப்போகிறார் என்பதையும் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள். அவர்கள் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஆசிரியர்களுக்காகத்தான் பேசினார்கள்.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் ‘கட்டடம் இருக்கிறது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கட்டடம் இருப்பது உண்மைதான். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேட்டபோது வந்த விவரம் இது: இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் நிற்பதில்லை, தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தொட்டியில் நீர் காலை இடைவேளையோடு தீர்ந்துவிடும், தூய்மைப் பணியாளர் காலையில் சிறிது நேரம் மட்டுமே வருகிறார், நாப்கின் எரிக்கும் இயந்திரம் மின் இணைப்பு இல்லாமல் சுவரில் மாட்டியிருக்கிறது. அரசு நாப்கின்களை இலவசமாகத் தருகிறது, அவை பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர்கின்றன. அவற்றை மாற்றுவதற்குரிய இடம்தான் இல்லை. இதன் விளைவாக அந்தப் பிள்ளைகளில் பலர் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன என்று நினைத்துப் பாருங்கள். அதற்காகப் பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டிருப்பது எந்த ஆய்வு அறிக்கையிலும் இடம்பெறாது, ஏனென்றால் ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பது கழிப்பறைகளின் எண்ணிக்கையை மட்டும்தான்.

பசியைப் பற்றியும் அவர்கள் சொன்னார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதரவாக இருக்கிறது. அது முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. ஐந்தாம் வகுப்பு வரை காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு எங்கள் பள்ளிக்கு வந்ததும் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருப்பதால் வீட்டை விட்டுப் புறப்படும் நேரமும் முன்னதாகிவிடுகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கவனித்துச் சொன்னாள். காலை உணவை எட்டாம் வகுப்பு வரைக்காவது நீட்டிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பேருந்து அவர்களுடைய இன்னொரு குறை. இலவசப் பயண அட்டை இருக்கிறது. பதினோராம் வகுப்புக்குப் போனால் மிதிவண்டியும் கிடைக்கும், ஆனால் எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் விடுவதற்கு முன்பே டவுன் பஸ் போய்விடுவதால், பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் இருட்டும் நேரத்தில் நடந்து போகிறார்கள். சில வீடுகளில் பெண் பிள்ளையை ஸ்பெஷல் கிளாஸுக்கு விடுவதே இல்லை. அது அக்கறையின்மை என்று ஆசிரியர்கள் வருந்துகிறார்கள், பெற்றோரோ அதைப் பாதுகாப்பு என்கிறார்கள். பேருந்தின் நேரம் சற்றே மாறினால் இரு தரப்பின் வருத்தமும் தீரும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பிள்ளைகள்தான்.

அவர்கள் பாராட்டுவதும் பெற்றோர் பாராட்டுவதிலிருந்து வேறுபட்டே இருக்கிறது. கலைத் திருவிழாவில் மாவட்ட அளவு வரை போய்ப் பறையடித்துவிட்டு வந்த எட்டாம் வகுப்புப் பையன், அதற்குப் பிறகு ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. ஹைடெக் லேப்பில் தட்டச்சுப் பழகிய பிள்ளைகள் அந்தப் பாடவேளைக்காகக் காத்திருக்கிறார்கள். வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் கேட்டு நிற்காமல் வீட்டுக்குத் தகவல் தரும் ஆசிரியையை அவர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். இவை எதுவும் பெற்றோர் பேச்சில் வருவதில்லை.

நான் நெடுநேரம் யோசித்தது வேறொரு மாணவனின் வார்த்தையை. நூறு சதவீதத் தேர்ச்சி என்னும் பெருமைக்காக எங்கள் பகுதிப் பள்ளிகளெல்லாம் பாடுபடுகின்றன. ஃபிளக்ஸ் வைத்தால் பெற்றோரும் மகிழ்கிறார்கள். அதற்காகப் பத்தாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர்’ எனச் சிலரைப் பிரித்து, 35 மதிப்பெண்ணுக்குத் தேவையான வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். அந்த வரிசையில் உட்காரும் ஒருவன் சொன்னான்: “எனக்கும் முழுப் பாடத்தையும் நடத்தச் சொல்லுங்கம்மா. நான் பாஸ் ஆகலைன்னாலும் பரவாயில்ல, என்ன பாடம்னாவது தெரியணும்.” ஆசிரியர்களின் நெருக்கடியை நான் அறிவேன், தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்கப்படுபவர்கள் அவர்கள்தான். எனினும், பாடத்தையே கேட்கும் ஒரு மாணவனுக்குக் குறைந்த அளவுக் கையேடு ஒன்றை மட்டும் கொடுத்து அமர்த்திவைப்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகள் கருத்துச் சொல்ல வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ‘மாணவர் மனசு’ என்னும் புகார்ப் பெட்டி அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. 14417, 1098 என்னும் உதவி எண்களும் பாடநூல்களிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த எண்கள் மிகவும் தேவை. ஆனால் தாழ்ப்பாளுக்காக யாரும் 1098ஐ அழைக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் பெட்டி அலுவலக அறையின் வாசலில் இருக்கிறது. ஆசிரியர்கள் பார்க்கும்போது அதில் சீட்டுப் போடப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். போட்டவர்களுக்கும் என்ன ஆனது என்று பதில் வந்ததில்லை.

கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் வெளியிட்ட மாதிரி விதிகள், மீதமுள்ள கால் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கோ தரலாம் என்றும், அது யார் என்பதைப் பெற்றோர் உறுப்பினர்களே முடிவு செய்யலாம் என்றும் சொல்கின்றன. அவை எட்டாம் வகுப்பு வரைக்குமான விதிகள்தாம் என்றாலும் ஆறு முதல் எட்டு வரை எங்கள் பள்ளியிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது பெற்றோர் குரலுக்குப் புதிய மதிப்பு வந்ததை நான் நேரில் பார்த்தேன். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எவரும் எங்கள் குழுவில் இல்லை.

எனவே அடுத்த கூட்டத்துக்கு நான் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய வகுப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாணவியும் ஒரு மாணவனும், வகுப்பே தேர்ந்தெடுத்து அனுப்பி, கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் சொன்னவை தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். புகார்ப் பெட்டியை நூலக அறைக்கு மாற்றி, இரண்டு தாய்மார் முன்னிலையில் திறந்து, என்ன செய்யப்பட்டது என்பதை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். கூட்ட நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் வேலைக்குப் போகும் பெற்றோரும் வர முடியும். தலைமை ஆசிரியர் முதல் கோரிக்கையைப் பற்றித்தான் தயங்கினார்; பிள்ளைகள் ஆசிரியர்களைப் பற்றி எதையாவது சொல்லிவிடுவார்களோ என்பது அவருடைய கவலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பேருந்து நேரத்தை மாற்றக் கோரிப் பணிமனைக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். மற்றவற்றைக் கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்.