மகள் போன தூரம்

நேத்து ராத்திரி மகளைச் சாங்கி விமான நிலையத்துல வழியனுப்பிட்டு வந்தேன். சிங்கப்பூர்ல ஏறினா நடுவுல எங்கேயும் இறங்காம நேரா நியூயார்க். 15,300 கிலோமீட்டருக்கு மேல, பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதல். இப்போதைக்கு உலகத்துலயே நீளமான பயணிகள் விமானத் தடம் இதுதான்.

இதுக்குன்னே செஞ்ச ஏர்பஸ் ஏ350. வழக்கமா அந்த ரகம் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இது 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க 161 இருக்கைதான், எகானமியே கிடையாது. டிக்கெட் விலை கையைக் கடிச்சது. ஆனா 19 வயசுப் பிள்ளை தெரியாத ஊர்ல நடுராத்திரி விமானம் மாற நிக்க வேண்டாம்னுதான் அவ அப்பாவும் நானும் முடிவு பண்ணினோம்.

காலையில எழுந்தேன், பறந்துக்கிட்டு இருந்தா. வேலைக்குப் போனேன், மதியம் சாப்பிட்டேன், இன்னும் பறந்துக்கிட்டே இருந்தா. சோறு இறங்கல. போன்ல அந்தக் குட்டி விமானப் படம் பசிபிக் மேல நகருதான்னு பத்து தடவையாவது பாத்திருப்பேன்.

சாயங்காலம் இட்லிக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருந்தப்ப மெசேஜ் வந்துச்சு: "அம்மா, இறங்கிட்டேன். பருப்புப் பொடி பத்திரம்."

மாவுக் கையோடயே சமையலறைக் கடிகாரத்தைப் பாத்தேன். 6:40. இப்போ சரியா 12 மணி நேர வித்தியாசம்கிறதால அங்கேயும் 6:40. அவளுக்கு விடிஞ்சிருந்துச்சு.